புது டாக்டருக்கு எதிரே யார் நிற்கிறார்கள்?

போன வாரம் ஒரு தங்கை போன் செய்தாள். கால்நடை மருத்துவம் முடித்து 7 மாதம் ஆகிறது, ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. "அக்கா, நாளைக்கு ஒரு லேப்ரடாருக்கு ஸ்பே போட்டிருக்காங்க. சார் ஊர்ல இல்ல, நீயே பண்ணிடுன்னுட்டாரு. நான் இதுவரைக்கும் மூணுதான் பண்ணியிருக்கேன்" என்றாள்.

"பண்ணியிருக்கியா, பார்த்திருக்கியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பார்த்திருக்கேன்க்கா. ரெண்டுல ரிட்ராக்டர் பிடிச்சேன்."

தள்ளிப் போடச் சொன்னேன். ஸ்பே என்பது பெட்டை நாய்க்குச் செய்யும் கருத்தடை, இன்றே செய்தாக வேண்டிய ஆபரேஷன் இல்லை. தள்ளிப் போட்டாள், அதற்காக முதலாளியிடம் வாங்கியும் கட்டிக்கொண்டாள். அந்த போனை வைத்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவள் குரலில் இருந்தது 12 வருடத்துக்கு முந்தைய என் பயம். இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பி.வி.எஸ்சி படிப்பு ஐந்தரை வருடம். நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அந்த ஒரே பட்டத்துக்குள் மாடு, எருமை, ஆடு, கோழி, பன்றி, குதிரை, நாய், பூனை எல்லாம் அடக்கம். மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யவும் தெரிய வேண்டும், பாலில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவும் தெரிய வேண்டும். இதில் அறுவை சிகிச்சைப் பிரிவில் கழிப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரத்தில் ஒரு பெண் நாய் கருத்தடைக்கு வந்தால், மேசையைச் சுற்றிப் பேராசிரியர், முதுகலை மாணவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்கும் இன்டர்ன்கள் ஆறு பேர். நான் அந்த ஆறில் ஒருத்தி. காலைப் பிடித்திருக்கிறேன், விளக்கைத் திருப்பியிருக்கிறேன், காஸ் துணியை எண்ணியிருக்கிறேன். கத்தி கைக்கு வரவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த நாயை ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, யார் கையில் கத்தியைக் கொடுப்பார்கள்?

படிப்பு முடிந்து அரசு வேலைக்குப் போனால் காளைக்கன்றுக்குக் காயடிப்பதுதான் தெரிந்த கருத்தடை. பர்டிசோ கருவியால் விதைத்தண்டை வெளியிலிருந்தே நசுக்குவது. ரத்தம் வராது, வயிற்றைத் திறக்க வேண்டாம். ஆயிரம் கன்றுக்குக் காயடித்தவர்கூட ஒரு பெட்டை நாயின் வயிற்றைத் திறந்ததில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தனியார் கிளினிக்குக்குப் போனால் நிலைமை வேறு மாதிரி. நம் ஊரில் பலர் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யவே கூட்டி வருவதில்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, தண்ணீர் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து விழுந்த பிறகுதான் வருவார்கள். ஆக, புது டாக்டருக்கு முதலில் கிடைப்பது கிழிந்துவிடும் பதத்தில் வீங்கி நிற்கும் பயோமெட்ரா, அதாவது அந்தச் சீழ் பிடித்த கர்ப்பப்பை. கடைசியாகக் கற்க வேண்டியது முதல் பாடமாக வந்து நிற்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். இதுவரை நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஒரு ஏபிசி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாள் எட்டு மணிக்குப் பொறுப்பாளர், "நாலாவது டேபிள் உங்களோடது டாக்டர்" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. இரண்டு ஆண் நாய்கள் நன்றாக முடிந்தன. மூன்றாவது ஒரு செம்பட்டைப் பெட்டை. சமீபத்தில் குட்டி போட்டுப் பால் வற்றிய மடி. இடது சூலகம் வந்தது, கட்டினேன், வெட்டினேன். வலது பக்கம்தான் வரவில்லை.

வலது சூலகம் இடதைவிட இன்னும் முன்னால், சிறுநீரகத்தை ஒட்டி உள்ளே கிடக்கும். விலா எலும்புப் பக்கமிருந்து ஒரு நார் அதை இழுத்துப் பிடித்திருக்கும். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டால் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி தட்டுப்படும். அதை விரலாலேயே தளர்த்தி அறுக்க வேண்டும். பயந்து மெதுவாக இழுத்தால் அறாது. வெடுக்கென்று இழுத்தால் பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாயும் சேர்ந்து கிழியும். எந்த அளவு இழுக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்ல முடியாது, வீடியோவும் காட்ட முடியாது. நான் அதை அறுக்காமலேயே எட்டும் ஆழத்தில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு இறுகாமல் கொழுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. வெட்டியதும் சூலகத்தின் ரத்தக்குழாய்த் தண்டு கையைவிட்டு நழுவி உள்ளே போனது. வயிறு ரத்தத்தால் நிறைய ஆரம்பித்தது.

அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெட்டை முன்பக்கம் பெரிதாக்கு. முன்சிறுகுடலைப் பிடித்து இடது பக்கமாகத் தூக்கு, அதன் சவ்வே மற்றக் குடல்களைத் தடுப்புச் சுவர் மாதிரி ஒதுக்கி வைத்துக்கொள்ளும். சிறுநீரகம் தெரியும், அதன் பின்னால் தண்டு தெரியும். கண்ணால் பார்க்காமல் கிளாம்ப் போடாதே, பக்கத்திலேயே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. அன்று எனக்கு இதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து டேபிள் டாக்டர் தன் நாயின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார், பாதியில் விட்டு வர முடியவில்லை. அவர் வந்தபோது ஈறு காகிதமாக வெளுத்திருந்தது.

அது பிழைக்கவில்லை. பதிவேட்டில் "மயக்க மருந்து ஒவ்வாமை" என்று எழுதினார்கள். எழுதியது நான் இல்லை, தடுத்ததும் இல்லை. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி நாலாவது டேபிள்.

என் ஆத்திரம் இரண்டு இடத்தில். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று காட்டிக்கொடுக்க ஒரு சீனியர் இல்லாமல் ஒரு புது டாக்டரை நிறுத்தியது ஒன்று. செத்ததற்கு வேறு காரணம் எழுதியது இன்னொன்று. தப்பு தப்பாகவே பதிவாகியிருந்தால், "வலது பக்கம் முடிச்சு நழுவியது" என்று நான்கு பேர் சேர்ந்து பேசியிருப்போம். அடுத்து வந்த டாக்டர் அதையாவது கேட்டிருப்பார்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு கால்நடை மருத்துவர். ஒரு மாதம் கழித்து அழுதுகொண்டு அவரிடம் போனேன். வீட்டுக்குள் போய் ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்து வந்தார். அடியில் சைக்கிள் வால்வு டியூப் துண்டு ஒன்றை ஒட்டி, நல்லெண்ணெய் தடவி வைத்திருந்தார். "இந்தாம்மா, உள்ள கையை விட்டு அந்த டியூபைச் சுத்தி முடிச்சுப் போடு. சொம்பு ஆடக் கூடாது. முடிச்சு வழுக்கக் கூடாது." சொம்பின் கழுத்துக்குள் இரண்டு விரல்தான் நுழையும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எண்ணெயில் நூல் நிற்காது. முதல் நாள் நாற்பது முடிச்சில் ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்று வாரம் அதே சொம்பு. அதன் பிறகுதான் அவர் தெரிந்த மையம் ஒன்றில் பேசி, கையுறை போட்டு எனக்கு எதிரே நின்றார். முதல் பத்து பெட்டையிலும் அவர் கை மேசை விளிம்பில் இருந்தது. ஒரே ஒரு முறைதான் உள்ளே வந்தது, அதுவும் என் விரலைப் பிடித்து அந்த நாரின் மேல் வைத்து அழுத்திக் காட்ட. "இவ்வளவுதாம்மா. இதுதான் அளவு." அந்த அழுத்தம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஏபிசி மையத்தை விட்டால் இதற்குப் பள்ளிக்கூடம் வேறு கிடையாது என்று நான் நம்புகிறேன். அங்கே வருகிற எண்ணிக்கை எந்தக் கல்லூரி மருத்துவமனைக்கும் வராது. சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1964லேயே புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2001ல் மத்திய அரசின் விதிகள் வந்தன, 2023ல் புது விதிகள். 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெரு நாய்கள். ஊர் ஊராக மையம் திறக்கிறார்கள். கட்டடம், கூண்டு, வண்டி எல்லாவற்றுக்கும் டெண்டர் இருக்கிறது. வயிற்றைத் திறக்கப் போகும் கை எங்கே பழகும் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பழக விடாமல் செய்வது பணம் கொடுக்கும் முறைதான் என்பது என் அனுபவம். நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. கை பழகிய டாக்டர் ஒரு பெட்டையை இருபது நிமிடத்தில் முடிப்பார். புதியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எதிரே நிற்கும் சீனியருக்கும் அதே ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தில் மையத்துக்கு இரண்டு மூன்று நாய்க்கான பணம் நஷ்டம். கற்றுக்கொடுப்பவரைத் தண்டிக்கிற கணக்கு இது. அதனால்தான் "நாலாவது டேபிள் உங்களோடது". உள்ளாட்சிகள் ஒப்பந்தம் போடும்போதே பயிற்சி மேசை ஒன்றைத் தனியாகக் காட்டி, அதற்கு நாய்க் கணக்கு இல்லாமல் நாள் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும். சீனியரின் சம்பளம் அதில் வர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

முடியும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. உலக கால்நடை சேவை அமைப்பின் (WVS) பயிற்சி மையம் அங்கே பல வருடமாக நடக்கிறது. இரண்டு வாரம் தங்கிப் படிக்கலாம். மயக்கம் கொடுப்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, அறுவை, பின்பராமரிப்பு எல்லாம் ஆள் பக்கத்தில் நிற்கக் கற்றுத்தருகிறார்கள். போய் வந்த தம்பி தங்கைகளின் கையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மாநிலத்தின் கல்லூரிகளிலிருந்து வருடா வருடம் வெளியே வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மலைக்கு ஏற முடியாது.

வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஆண் நாய், அதில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். அடுத்து ஒல்லியான, இன்னும் பருவத்துக்கு வராத ஆறேழு மாதப் பெட்டை. பிறகு வளர்ந்தது. பருவத்தில் இருப்பது, சினையானது, குட்டி போட்டது எல்லாம் கடைசியில். பிடித்து வரும் வண்டியில் எது இருக்கிறதோ அதுதான் என்று புதியவர் தலையில் கட்டக் கூடாது. நம் தெரு நாய்களில் பலவற்றை உண்ணிக் காய்ச்சல் தொட்டிருக்கும் என்றே வைத்துக்கொண்டு கத்தியை எடுங்கள். அந்தக் காய்ச்சலால் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும்போது, நாம் போட்ட முடிச்சு சரியில்லையோ என்று புது டாக்டர் மிரண்டு போவார். ஈறு வெளுத்த நாயை மேசையில் ஏற்றாமல் திருப்பி அனுப்புவதும் ஒரு பாடம். அதற்கும் யாராவது "அனுப்பிடு, பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும்.

இளம் டாக்டர்களிடம் ஒரு வார்த்தை. வாட்ஸாப்பில் ஒரு சென்டிமீட்டர் வெட்டின் படத்தைப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்து ஏங்காதீர்கள். மூன்று அங்குலம் வெட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காயம் ஆறுகிற நாள் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் தைத்த நாயை மறுநாளும் மூன்றாம் நாளும் கூண்டில் போய்ப் பாருங்கள். தையல் இறுக்கமா, வீக்கம் இருக்கிறதா, சோறு தின்கிறதா என்பதைக் கூண்டுக்காரர் அண்ணன்தான் முதலில் கவனிப்பார். அவரிடம் கேளுங்கள். உங்களைவிட அதிகம் பார்த்தவர் அவர். வேலைக்குச் சேரும் முன்பே உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொள்ளுங்கள், அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள். யாராவது நாயைக் கொண்டு வந்து, "நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அந்தத் தங்கை சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். சொம்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, எனக்குக் கற்றுக்கொடுத்த சார் போன பிறகு அவர் வீட்டம்மா கொடுத்தார்கள். டியூபை மட்டும் புதிதாக மாற்றினேன். மதியம் சாப்பிடும் வரை முப்பத்தெட்டு முடிச்சுப் போட்டாள். இரண்டு நின்றது. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்த லேப்ரடாரின் வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன். அடுத்த மாதம் அவளே செய்வாள், நான் எதிரே நிற்பேன்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருக்கும் சீனியர்களே, மாதத்தில் ஒரு நாள் ஒரு புதுப் பிள்ளைக்கு எதிரே நிற்க முடியுமென்றால் கீழே சொல்லுங்கள். யார் யாருக்குத் தேவை என்று என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்றைக்கு அதில் 11 பேர்.