மூணு இன்ச்சுக்கு ஆறாயிரமா?

போன வருடம் மே மாதம் தங்கை மகளுக்குப் படிக்க ஒரு டேப் (டேப்லெட்) வாங்க மாப்பிள்ளையோடு ராமநாதபுரம் போயிருந்தேன். பிளஸ் டூ போகிற பிள்ளை. ஊர் பாம்பன், மாப்பிள்ளைக்கு விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடச் செலவெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். கையில் இருந்தது நிவாரணப் பணம் 8,000, அதோடு கொஞ்சம் கைமாற்று.

கடையில் 8 இன்ச் 9,000, 11 இன்ச் 15,000. “மூணு இன்ச்சுக்கு ஆறாயிரமா மச்சான்? சின்னதே போதும்” என்றார். நானும் சரி என்றுவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அந்த இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 8க்கும் 11க்கும் வித்தியாசம் மூன்றுதான், ஆனால் திரையின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. எட்டு இன்ச்சை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 11 செ.மீ.கூட வராது. பிடிஎஃப் வினாத்தாள் பாதியாகச் சுருங்கிவிடும். ஒருநாள் பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும். அடுக்கில் இருக்கிற அந்தச் சின்னக் கழித்தல் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படித்தான், தேடிப் பார்க்க வேண்டும். பெரிதாக்கினால் படம் மேலே போகிறது, கேள்வி கீழே போகிறது. அப்புறம் அவளே அதை ஓரமாக வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தாள்.

சின்ன டேப்புக்கு ஒரு காலம் இருந்தது. 2010இல் வந்த முதல் ஐபேட் 9.7 இன்ச், 499 டாலர். 2012இல் கூகுளின் 7 இன்ச் டேப் நெக்சஸ் 7 வெறும் 199 டாலருக்கு வந்தது. அதே வருடம் ஆப்பிளும் 7.9 இன்ச் ஐபேட் மினியை 329 டாலருக்கு இறக்கியது. விலை குறைய அளவும் குறைந்தது, ஜனங்களும் வாங்கினார்கள். அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அந்த வருட ஐபோனே 4 இன்ச்தான். இன்றைக்கு மாப்பிள்ளை சட்டைப்பையில் இருக்கிற போனே ஆறரை இன்ச் இருக்கும். அதற்கு மேல் ஒன்றரை இன்ச்சுக்கு 9,000 கொடுத்திருக்கிறோம்.

பாட்டு, படம், கதை படிக்க என்றால் 8 இன்ச் தாராளமாகப் போதும், ஒற்றைக் கையில் பிடிக்கலாம். படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம். பொங்கல் கழித்து 11 இன்ச்சும் வாங்கினார்கள். மொத்தம் 24,000. பரீட்சைக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

மே மாதத்தில் பணம் இல்லையென்றால் படகு இறங்கும்வரை பொறுங்கள், ஜூலையில் வாங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது பிள்ளையின் பழைய வினாத்தாள் ஒன்றை போனில் எடுத்துப்போய் இரண்டு டேப்பிலும் திறந்து, அவளையே படிக்கச் சொல்லுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் யாராவது வாங்கப் போனால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.