யார் பணம் என்பதை மறைத்ததுதான் துரோகம்

பனிப்போர்க் காலத்து ஹாங்காங், மலாயா சீன எழுத்தாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'எல்லாரும் அமெரிக்கக் கைக்கூலிகள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. 1949-ஐ ஒட்டிச் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்குத் தப்பி வந்தவர்கள் லட்சக்கணக்கில். நிலம் போனவர்கள், சொந்தபந்தங்களைப் பறிகொடுத்தவர்கள், வாய் திறக்க முடியாமல் வந்தவர்கள். மாவோவின் ஆட்சியை வெறுக்க அவர்களுக்கு வாஷிங்டன் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த வெறுப்பை வாஷிங்டன் எடுத்துக்கொண்டது. 1952-இல் ஹாங்காங்கிலிருந்த அமெரிக்கத் தகவல் அலுவலகம் 'வேர்ல்டு டுடே' என்ற சீன மொழி இதழைத் தொடங்கித் தென்கிழக்கு ஆசியாவுக்கெல்லாம் அனுப்பியது. ஐலீன் சாங் போன்ற பெரும் படைப்பாளியே அந்த அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பு செய்தார். அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதில் எனக்கு வழக்கில்லை.

ஆசியா பவுண்டேஷன் கதை வேறு. வெளியே தனியார் அறக்கட்டளை, உள்ளே அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணம். அகதி இளைஞர்கள் நடத்திய யூனியன் பிரஸுக்கு அது போனது. அங்கிருந்துதான் 'சீன மாணவர் வார இதழ்' வெளிவந்தது, மலாயாவுக்கும் தனிப் பதிப்போடு. பின்னாளில் ஹாங்காங்கின் தலைசிறந்த எழுத்தாளர்களில் ஒருவராக வளர்ந்த ஷீ ஷீ இளம் வயதில் அதில் எழுதியவர். 1967-இல் பவுண்டேஷனின் குட்டு உடைந்தது. பள்ளிக்கூடப் பையன் அந்த இதழுக்கு அனுப்பிய காதல் கவிதைக்கும் சேர்த்துக் கறை விழுந்தது. அவனிடம் யார் கேட்டார்கள்?

பிரிட்டனுக்கும் இதில் பங்குண்டு. 1948-இல் லண்டன் தொடங்கிய ரகசியப் பிரசாரத் துறை, சிங்கப்பூரில் கிளை வைத்து, அமெரிக்கர்களோடு சரக்கைப் பரிமாறிக்கொண்டது. எதிரி ஒன்றுதான், நோக்கம் ஒன்றல்ல. 1950 ஜனவரியிலேயே பிரிட்டன் மாவோவின் பீகிங் அரசை அங்கீகரித்துவிட்டது. அமெரிக்காவோ தைவானுக்குப் போய்விட்ட சியாங் கை-ஷேக்கின் தைபே அரசை விடவில்லை. கடல்கடந்த சீனர்கள் தைபேயை நோக்க வேண்டும் என்று வாஷிங்டன் விரும்பியது. மலாயாவை ஆண்ட பிரிட்டிஷாருக்கோ அந்த விசுவாசமும் தலைவலிதான். சீனர்கள் எந்தச் சீனாவையும் மறந்து மலாயாக்காரர்களாக வேண்டும். இரண்டு அரசுகளும் கூடிக்கூடிப் பேசியது இந்த மக்களின் மனத்தைப் பற்றி. அந்த மக்கள் எந்தக் கூட்டத்திலும் இல்லை.

மலாயாவில் அவர்களை நடத்திய விதத்தைப் பாருங்கள். காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்கு உதவி போகக்கூடாதென்று, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் 'புதுக்கிராமங்களில்' குடியேற்றினார்கள். அங்கே தகவல் துறையின் படவண்டி வந்து சுதந்திர உலகத்தின் அருமையைக் காட்டியது. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே கொரில்லாக்கள் 12 பேரைக் கொன்றதும், பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் அந்த ஊருக்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டார், அரிசிப் பங்கைக் குறைத்தார். பிறகு, தெரிந்த கம்யூனிஸ்டுகளின் பெயரை எழுதித் தரும்படி வீடுவீடாகப் படிவம் கொடுத்தார்கள். வயிற்றில் அடித்துவிட்டு வாங்கும் பெயரை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்கள் தமிழிலும் அச்சாயின. மலாயாத் தமிழரான தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949-இல் தூக்கிலிட்ட அதே ஆட்சிதான் தோட்டத் தமிழர்களுக்கும் அறிவுரை சொன்னது.

லண்டனின் அந்த ரகசியப் பிரசாரத் துறை 1977-இல் மூடப்பட்டது. கோப்புகள் இன்னும் முழுதாக வெளிவரவில்லை. எந்த ஆசிரியருக்குப் பணத்தின் ஊற்று தெரியும், எவருக்குத் தெரியாது என்பது அவற்றில் கொஞ்சமாவது இருக்கும். மிச்சக் கோப்புகளையும் திறந்து, ஏமாற்றப்பட்டவர்களின் பெயரையாவது கழுவிக் கொடுங்கள்.