ஒரே மாதிரி இரண்டு பேர்

போன வாரம் இரண்டு தம்பிகள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கல்லூரியிலிருந்தே நண்பர்கள், சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறார்கள். ஆளுமைச் சோதனை ஒன்றின் முடிவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். "அண்ணா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டைப் வந்திருக்கு" என்று சந்தோஷமாகக் காட்டினார்கள். எனக்குக் கவலைதான் வந்தது. ஏன் என்பதை அந்த அரைமணி நேரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொருவர் குணத்துக்கும் நான்கு எழுத்தில் ஒரு பெயர் தரும் அந்த மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உளவியலாளர் யுங்கின் கருத்துகளைப் படித்த ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. இருவரும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் அல்ல. கொஞ்ச நாள் கழித்து மறுபடி எழுதினால் வேறு முடிவு வருவதும் உண்டு. ஆனால் நிறுவனரின் குணம் கம்பெனிக்குள் இறங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியின் கதைக்குத்தான் போகும்.

அந்தக் கதை வில்லியம் ஷாக்லியிடம் தொடங்குகிறது. சிப்புகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்சிஸ்டருக்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். கலிஃபோர்னியாவில் தன் பெயரிலேயே ஓர் ஆய்வகம் தொடங்கினார். திறமைசாலிகளை அடையாளம் காண்பதில் அபாரமான ஆள். ராபர்ட் நாய்ஸையும் கார்டன் மூரையும் தேடிப் பிடித்தவர் அவர்தான். மனிதர்களைத் துருவிப் பார்க்கும் அதே கண், தன்னோடு வேலை செய்தவர்களையும் சந்தேகத்தோடு துருவியது. அலுவலகத்தில் ஒரு பெண்ணின் கையில் ஏதோ குத்திவிட்டது. சதி என்று முடிவுகட்டி, ஊழியர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை நடத்த வேண்டும் என்றார். குத்தியது தலை உடைந்த ஒரு நோட்டீஸ் போர்டு பின். 1957-இல் எட்டுப் பேர் மொத்தமாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அந்த எட்டில் இருவரான நாய்ஸும் மூரும் 1968-இல் அங்கிருந்தும் கிளம்பி இன்டெலை ஆரம்பித்தார்கள். முதலீட்டாளர் ஆர்தர் ராக் அவர்களுக்காக 25 லட்சம் டாலரைச் சட்டென்று திரட்டிவிட்டார். நாய்ஸ் என்ற பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அயோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகன் அவர். அவர் இருக்கும் அறையில் நம்பிக்கை தானாக வந்துவிடும். ஆனால் யாருடைய மனமும் நோகக்கூடாது அவருக்கு. கூட்டத்தில் இரண்டு பேர் கடித்துக் குதறிக்கொண்டாலும் சங்கடமாகச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவது அவரால் ஆகாத காரியம்.

மூர் வேறு மாதிரி. சிப்பில் எத்தனை பாகங்கள் அடங்கும் என்பதை 1965-லேயே கணித்தவர். அமைதியானவர், மீன்பிடிப்பதில் பிரியம். விடை தெரிந்திருந்தாலும் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

மூன்றாவதாக வந்தவர் ஆண்டி க்ரோவ். புடாபெஸ்டில் பிறந்த யூதர். சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி, 1956-இல் இருபது வயதில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் ஓடி, அமெரிக்கா வந்து சேர்ந்தவர். எதையும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிய பாடம். காலையில் தாமதமாக வருபவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாளே வைத்திருந்தார்.

இவர்கள் மூவருக்கும் ஒத்துப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். நாய்ஸின் நிர்வாகம் க்ரோவுக்குப் பிடிக்கவே இல்லை. அவர் வந்தது மூருக்காக. கூட்டத்தில் மூரின் முகம் லேசாக மாறினால் போதும், எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, "கார்டன், உங்களுக்கு என்ன உறுத்துகிறது?" என்று கேட்பாராம். இந்த ஒரு காட்சிக்காகவே எனக்கு இன்டெல் பிடிக்கும். வாய் திறக்காதவரின் அறிவை வெளியே கொண்டுவர, முரட்டுத்தனமாகக் குறுக்கிடும் ஒருவர் தேவைப்பட்டார்.

1985-இல் ஜப்பானிய கம்பெனிகளின் போட்டியில் கம்ப்யூட்டரில் தகவலைச் சேமித்து வைக்கும் இன்டெலின் மெமரி சிப் வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனியே மெமரியில்தான் எழுந்தது. க்ரோவும் மூரும் அறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்ததாம். "நம்மைத் துரத்திவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்?" என்று க்ரோவ் கேட்டார். மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியென்றால் நாமே வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் க்ரோவ். செய்தார்கள். 1986-இல் 17 கோடி டாலருக்கு மேல் நட்டம். அதைத் தாண்டித்தான் கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோபிராசசர் செய்யும் கம்பெனியாக எழுந்தது இன்டெல்.

க்ரோவின் குணமும் ஒரு நாள் காலை வாரியது. 1994-இல் இன்டெலின் பென்டியம் என்ற மைக்ரோபிராசசர் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுவது தெரியவந்தது. சாதாரணப் பயனாளருக்கு இந்தத் தப்பு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், தேவை என்று காட்டுபவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது இன்டெல். கணக்கு கணக்காகச் சரியாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது அவமானம். டிசம்பரில் ஐபிஎம் அந்த சிப் வைத்த கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்தியது. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர வேண்டியதாயிற்று, செலவு 47.5 கோடி டாலர். நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே மக்களின் கோபம் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர், ஒரே ஹாஸ்டல், சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினோம். மற்றவர்களின் துணியை வாங்கிக் கூலிக்கு வேலை செய்து தரும் திருப்பூர் ஜாப்வொர்க் யூனிட்டுகளுக்கான சாஃப்ட்வேர். துணி நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங் என்று போகும்போது எந்த டிசி-யில், அதாவது துணியோடு போகும் டெலிவரி சலானில், எத்தனை கிலோ போனது, எத்தனை திரும்பியது என்று கணக்கு வைக்கும். மூவருக்கும் புதிதாக எதையாவது கட்டிக்கொண்டே இருக்கப் பிடிக்கும். மூவருக்கும் பணம் கேட்கக் கூச்சம். இன்னொருவன் கேட்டிருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். ஒரு யூனிட் முதலாளி அவரே போன் செய்தார்: "தம்பி, எட்டு மாசமா பில்லே வரலையே, நல்லா இருக்கீங்கல்ல?"

அந்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நாங்கள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதை ஒற்றுமை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மூடும்போது வராத பாக்கியைக் கூட்டிப் பார்த்தோம். இன்னொரு வருடம் ஓட்டியிருக்கலாம்.

நண்பனைத் தேர்ந்தெடுக்கிற மனசோடுதான் நாம் பார்ட்னரையும் தேர்ந்தெடுக்கிறோம். யாரோடு இருந்தால் இதமாக இருக்கிறதோ அவரை. அந்த இதம்தான் எங்களுக்கு எதையும் பார்க்கவிடாமல் செய்தது.

அந்தத் தம்பிகளிடம் கிளம்பும் நேரத்தில் ஒன்று மட்டும் கேட்டேன்: கஸ்டமருக்கு போன் போட்டுப் பணம் கேட்கப் போவது யார்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் சொன்னான், அவன் அக்கா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல்தான் பார்க்கிறாராம். "ஆனா அவங்க எங்ககூட எல்லாத்துக்கும் சண்டை போடுவாங்கண்ணா."

அடுத்த தடவை வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.