ஜார்ஜ் விடுதியில் ஷேக்ஸ்பியரா?

லண்டன் சவுத்வார்க்கில், ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் வந்து நின்ற பழைய மதுவிடுதியான ஜார்ஜ் விடுதியின் மரமாடத்தில் ஷேக்ஸ்பியர் உட்கார்ந்து குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இறந்தது 1616-இல். 1676-இல் சவுத்வார்க்கில் பிடித்த தீயில் பழைய விடுதி எரிந்துபோனது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் அதற்கு அடுத்த ஆண்டு எழுந்தது. (1666 லண்டன் பெருந்தீ வேறு, அது தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே, சவுத்வார்க் தெற்கே.) எரிந்துபோன விடுதிக்கு அவர் வந்திருக்கலாம், ஆனால் ஆதாரம் எதுவும் இல்லை.

அப்புறம், விடுதி ‘முழுசாக அப்படியே நிற்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் இடித்தது, குதிரை வண்டிகளின் பிழைப்பைக் கெடுத்த அதே ரயில் தொழில்தான். மிச்சம் தெற்குப் பக்கம் மட்டுமே. 1937-இலிருந்து அது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது.