வரிசையில் நிற்கும் பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்?

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடத்தில் ஒரு நாளில் அதிகம் காதில் விழும் சொல் "கவனம்". "கவனமா செய்", "கவனம் எங்க இருக்கு?", "உனக்குக் கவனமே பத்தாது". ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதில் இல்லையே! காலையா, கையையா, கீழே விரித்திருக்கும் மேட் மெத்தையையா? பெரும்பாலும் அது மாஸ்டரின் முகத்தைத்தான் கவனிக்கும், கோபமாக இருக்கிறாரா என்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோம்பல், விளையாட்டுத்தனம், அக்கறையின்மை என்று நாம் பேர் வைப்பதில் பெரும்பகுதி, பயிற்சியை நாம் அடுக்கி வைத்திருக்கும் விதத்தால் வருவது. ஊக்கப் பேச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வரிசையைப் பாருங்கள்.

ஒரு கணக்கு. 12 பிள்ளைகள், ஒரே பீம் (மேலே ஏறி, விழாமல் வித்தை செய்யும் ஒடுங்கிய கட்டை). ஏறி, செய்து, இறங்க ஒருவருக்கு 20 விநாடி. ஒரு சுற்று முடிய 4 நிமிடம். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏழு முறை, மிஞ்சினால் எட்டு. அதாவது இரண்டரை நிமிடம் வேலை, இருபத்தேழு நிமிடத்துக்கு மேல் நிற்பது. அவ்வளவு நேரம் சும்மா நிற்கிற எந்தப் பிள்ளையும் பேசும், இடிக்கும், முன்னால் நிற்பவளின் பின்னலை இழுக்கும். அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அதே 12 பேரை மூன்று மூன்றாக நான்கு இடங்களில் பிரியுங்கள். பீமில் மூவர். தரையில் 10 செ.மீ அகலத்துக்கு டேப் ஒட்டி, அதே அசைவுகளைச் செய்ய மூவர் (உண்மையான பீமின் அகலமும் 10 செ.மீதான், நீளம் 5 மீட்டர், உயரம் 125 செ.மீ). சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்டில் (கை ஊன்றித் தலைகீழாக நிற்பது) மூவர். ஹாலோ ஹோல்டில் (மல்லாந்து படுத்து, கீழ் முதுகைத் தரையில் அழுத்தி, தோளையும் காலையும் சற்றுத் தூக்கிப் பிடிப்பது) மூவர். ஒவ்வொரு இடத்திலும் 7 நிமிடம், இடையில் மாறிக்கொள்ள அரை நிமிடம். பீமில் மூன்று பேர்தான் என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறை முறை வரும். ஏழு நிமிடத்தில் ஏழு முறை. பீம் வேலை ஒரு முறைகூடக் குறையவில்லை. சும்மா நின்ற 21 நிமிடம் உடலுக்கு வேலையாக மாறிவிட்டது.

இது பல இடங்களில் ஏன் தோற்கிறது என்றால், மாஸ்டர் பார்க்காத மூன்று இடங்களும் ஐந்தே நிமிடத்தில் அரட்டையாகிவிடும். அதனால், சரியா தப்பா என்பதை அந்த வேலையே சொல்லும்படி அமைக்க வேண்டும். ஹாலோ ஹோல்டில் இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் பந்தை வையுங்கள். கால் பிரிந்தால் பந்து விழும். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே பக்கத்துப் பிள்ளையின் விரல் நுழைந்தால் அந்த முறை செல்லாது. ஹேண்ட்ஸ்டாண்டை வயிறு சுவரைப் பார்க்கும்படி செய்யச் சொல்லுங்கள். மூக்கும் கால் விரல் நுனியும் மட்டும் சுவரில் படலாம். முதுகு சுவரைப் பார்க்க நின்றால் உடல் வாழைப்பழமாய் வளைந்துவிடும், அதுவே பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, கைப்பிடிப்பு (மாஸ்டர் கை கொடுத்துத் தாங்குவது) தேவைப்படும் எந்த வித்தையையும் மாஸ்டர் இல்லாத இடத்தில் வைக்கவே கூடாது.

கண்டிஷனிங், அதாவது வலிமைப் பயிற்சி என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பது, அது எதற்கு என்று தெரியாததால். ஹாலோவில் பிடிக்கிற அதே உடல் வடிவம்தான் ஹேண்ட்ஸ்டாண்டிலும், பாரில் (பிடித்துத் தொங்கும் கம்பியில்) உடலை நீட்டி ஜயண்ட் என்ற முழு வட்டம் சுற்றும்போதும் திரும்ப வருகிறது. 20 விநாடி ஹாலோ முடிந்த கையோடு எழுப்பி ஹேண்ட்ஸ்டாண்ட் செய்யச் சொல்லுங்கள். அப்போது அது இறுக்கமாக நிற்பதைப் பிள்ளை தன் உடம்பிலேயே உணரும். அதற்குப் பிறகு அந்த ஹாலோவை அது ஏமாற்றாது. முதுகு தூக்கிக்கொண்ட 30 விநாடியைவிட ஒழுங்கான 10 விநாடி மேல்.

அடுத்தது நம் வாய். "முழங்கையை மடக்காதே, வயிற்றை இழு, காலைச் சேர், தலையை உள்ளே வை" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். காலை உதைத்து ஹேண்ட்ஸ்டாண்டுக்குப் போக ஒரு விநாடிதான் ஆகிறது. அதற்குள் நான்கு கட்டளையை யார் நினைத்துப் பார்க்க முடியும்? ஒரு முறைக்கு ஒரே ஒரு சொல். அதுவும் உடல் உறுப்பைப் பற்றியதாக இல்லாமல் வெளியே உள்ள பொருளைப் பற்றியதாக இருந்தால் நல்லது. "முழங்கையைப் பூட்டு" என்பதைவிடத் "தரையைத் தள்ளு" வேலை செய்யும். "காலை நீட்டு" என்பதைவிடக் "கூரையைக் கால் விரலால் குத்து". உடலசைவு கற்றல் பற்றி ஆய்வாளர் காப்ரியேல் வுல்ஃப் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியதும் இதைத்தான்.

பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கை (பின்னோக்கிக் குதித்து, கை ஊன்றி, மறுபடி காலில் வந்து நிற்பது) எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தலையைப் பின்னால் வீசி நேர் மேலே குதிப்பார்கள். கை காலுக்குப் பக்கத்திலேயே ஊன்றும், முழங்கை மடங்கும், தலை தரையை நோக்கி வரும். காரணம், பின்னால் சாயும் பயம். "கையை நீட்டு" என்று நூறு தடவை சொன்னாலும் சரியாகாது, தப்பு கையில் இல்லையே. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார வையுங்கள். பிறகு இடுப்பு உயரத்துக்கு மென்மையான மேட்டை அடுக்கி, அதன் மேல் மல்லாந்து விழும்படி பின்னோக்கிக் குதிக்கச் சொல்லுங்கள். அது பழகிய பிறகு, கைப்பிடிப்போடு, கை ஊன்ற வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. "கோட்டைத் தாண்டி ஊன்று" என்ற ஒரே சொல் போதும்.

"பத்துத் தடவை செய்" என்று சொன்னால் பிள்ளை பத்தை முடிப்பதில்தான் குறியாக இருக்கும். கடைசி நான்கும் அவசரத்தில் கெட்டுப்போகும். "நல்லதாக ஐந்து" என்று சொல்லுங்கள், எது நல்லது என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கு ஒரு வேலி வேண்டும்: ஐந்து நல்லது, அல்லது பத்து நிமிடம், எது முன்னே வருகிறதோ அதோடு நிறுத்தம். "விழுந்தால் முதலிலிருந்து" என்ற விதியைக் களைத்துப்போன ஒன்பது வயதுப் பிள்ளை மேல் போடுவது காயத்தைக் கூப்பிட்டு வரவழைப்பது.

காத்திருக்கும் பிள்ளையை நடுவராக்குங்கள். சர்வதேச விதிகளில் செயல்திறன் மதிப்பெண் 10இலிருந்து கீழே இறங்கும்: சிறு பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிதுக்கு 0.5, விழுந்தால் 1.0. இதே எண்களை எழுதிய அட்டைகளைக் கொடுத்து, "நீ முழங்காலை மட்டும் பார்" என்று ஒரே பிழையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தவளின் முழங்காலை ஐந்து முறை உற்றுப் பார்த்த பிள்ளைக்குத் தன் முறை வரும்போது தன் முழங்கால் நினைவுக்கு வரும்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். நாம் சோம்பல் என்று நினைப்பது பல நேரம் பயம். பிள்ளை மூன்றாவது தடவை கையில் சாக் பொடி பூசப் போகும், தண்ணீர் குடிக்கும், கழிவறைக்குப் போகும், வரிசையில் பின்னால் இருப்பவளை முன்னே விடும். இந்த அடையாளங்களைப் பார்த்தால் திட்டாதீர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட்டில் (ஓடி வந்து, மேசை போன்ற கருவியில் கை ஊன்றித் தாண்டுவது) இரண்டரைத் திருகல் போட வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனது. அணிப் போட்டியிலிருந்து விலகினார். உலகின் உச்சியில் இருந்தவருக்கே அது நடந்தது என்றால், எட்டு வயதுப் பிள்ளையின் பயத்தை நாடகம் என்று சொல்ல நாம் யார்?

"பயப்படாதே" என்பதால் பயம் போகாது. படியை இறக்குங்கள். உயர பீமில் நிற்கிற பிள்ளையைத் தாழ்ந்த பீமுக்கு, அங்கும் தயங்கினால் இருபுறமும் மேட் அடுக்கி, இன்னும் தயங்கினால் தரைக்கோட்டுக்கு. எந்தப் படியில் யோசிக்காமல் செய்கிறதோ அங்கே மூன்று முறை. பிறகு ஒரே ஒரு படி மேலே. "நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடும் தந்திரத்தை யாரும், எக்காரணத்துக்கும் செய்யக் கூடாது. வித்தை அன்று வந்துவிடலாம், ஆனால் அந்தக் கையை அந்தப் பிள்ளை மறுபடி நம்பப் பல மாதம் ஆகும்.

வளரும் வயதையும் பாருங்கள். உயரம் மளமளவென்று கூடும் மாதங்களில், நேற்றுவரை செய்தது இன்று வராது. கால் நீண்டிருக்கும், எடை மாறியிருக்கும், வலிமை இன்னும் எட்டிப் பிடித்திருக்காது. குதிகால், முழங்காலுக்குக் கீழ், மணிக்கட்டு ஆகிய இடங்களில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் நோகலாம். அந்த வலியோடு ஓடி வருகிற பிள்ளையின் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். அதற்கு ஊக்கம் கொடுக்க வேண்டியதில்லை. கடினமான மேட்டில் இறங்குவதைக் குறைக்க வேண்டும். முதுகை வளைக்கும்போது கீழ் முதுகு வலித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தண்டனையாகப் புஷ்-அப் கொடுப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இந்த விளையாட்டின் ஆதாரமே வலிமைப் பயிற்சி. அதைத் தண்டனையாக்கினால் அதையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். எடையைப் பற்றிய கேலி, அழவைத்தல், காயத்தோடு செய்யச் சொல்லுதல் ஆகியவை என்ன விளைவைத் தரும் என்பதை பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022இல் வெளிவந்த வைட் அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. "கண்டிப்பு" என்று இதற்குப் பேர் வைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் "சூப்பர்" சொல்வதும் பயனற்றது. "இந்தத் தடவை கால் கடைசிவரை சேர்ந்திருந்தது" என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

கிப் (பாரில் தொங்கிச் சறுக்கி, அதே வேகத்தில் பாருக்கு மேல் எழும்புவது) போன்ற வித்தை வரப் பல மாதம் ஆகலாம். அத்தனை மாதமும் "வரலை" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை ஒரு நாள் நின்றுவிடும். அதனால் மூன்றாக உடையுங்கள்: முன்னால் முழுதாக நீண்டு சறுக்குவது, நீட்சி முடியும் இடத்தில் கணுக்காலைப் பாருக்குக் கொண்டுவருவது, கையை மடக்காமல் பாரைக் கால் வழியாக இடுப்புவரை இழுப்பது. கால் சீக்கிரமாக வந்தால் சறுக்கல் பாதியில் அறுந்துவிடும், கை மடங்கினால் தோள் பாருக்குக் கீழேயே தங்கிவிடும். ஒரு சிறு நோட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, தேதியும் எத்தனை நல்லது என்பதும் பிள்ளையே எழுதட்டும். கிப் வராத நாளிலும் ஒரு கட்டத்தில் ஏதாவது ஓர் எண் ஏறியிருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒன்று. "இன்னிக்குப் புதுசா என்ன கத்துக்கிட்ட?" என்று தினமும் கேட்காதீர்கள். ஆறு வாரம் ஒரே வித்தையைச் செய்கிற பிள்ளைக்கு அதற்குப் பதில் இருக்காது. அந்த நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.