உண்மை விளக்கம்: பழைய டிராக்டரில் தெர்மோஸ்டாட் வேண்டாமா?

“மலையில் ஓடும் பழைய டிராக்டருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகாது, டீசலும் மிச்சமாகும்” என்றொரு தகவல் நீலகிரி விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதே அந்தச் சிறிய வால்வின் வேலை. அது இல்லாவிட்டால், உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். முழுமையாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி ஆயிலில் கலப்பதால், பிஸ்டன் ரிங்குகள் விரைவில் தேய்வதுடன் டீசல் செலவும் கூடும். பைபாஸ் வழியுள்ள சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடுவதால், தகவல் சொல்வதற்கு நேர்மாறாகச் சூடு ஏறவும் கூடும்.

சந்தேகமுள்ளவர்கள் டிராக்டரின் இயக்கக் கையேட்டைப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் பழுதா என்பதை வீட்டிலேயே அறியலாம்: பாத்திரத்து நீரில் அதைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கத் தொடங்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்து, அதற்குமேல் சூடேறாது என்பதால், தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்கவில்லை என்று மட்டும் பார்த்துப் பழுதென முடிவுகட்ட வேண்டாம்.

எஞ்சின் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியவை அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி ஆகியவையே. அந்தத் தகவலை மேலும் பகிர வேண்டாம். ஏற்கெனவே கழற்றியவர்கள் கையேடு குறிப்பிடும் அளவிலேயே புதிய தெர்மோஸ்டாட்டை, புதிய கேஸ்கெட்டுடன் பொருத்திக்கொள்ளவும்.