சம்பாத்தியம் ஆண்களுடையது மட்டுமா?
"ஆரம்பகால அமெரிக்காவில் சம்பாத்தியம் ஆண்களுடையது, பெண்கள் வீட்டோடு இருந்தார்கள்" என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய அமெரிக்க மாநிலமான மேய்னில் கென்னபெக் ஆற்றங்கரை ஊரான ஹாலோவெல்லில் வாழ்ந்த மருத்துவச்சி மார்த்தா பாலார்ட், 1785 முதல் 1812 வரை ஏறக்குறைய தினமும் நாட்குறிப்பு எழுதினார். அந்த 27 ஆண்டுகளில் அவர் பார்த்த பிரசவங்கள் 816! நடுராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டால் ஓடத்தில் போவார், குளிர்காலமென்றால் உறைந்த ஆற்றின் மேலேயே கடந்து போவார். கூலி சில நேரம் காசாக வரும், சில நேரம் பண்டமாக வரும். எல்லாக் கணக்கும் அந்த நாட்குறிப்பில் இருக்கிறது. வரி வசூலிப்பவராக இருந்த கணவர் எஃப்ரைம், வரிப்பணத்தில் பாக்கி என்று 1804-இல் சிறைக்குப் போனபோது, எழுபதை நெருங்கிய அந்த அம்மா அடுப்புக்கு விறகில்லாமல் அல்லாடியதைப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. மணமான பெண்ணின் வருமானம் அன்றைய சட்டப்படி கணவனுக்கே சொந்தமாக இருந்தது என்பது உண்மைதான். அதனால்தான் அரசு ஆவணங்களில் இந்த உழைப்பு தென்படுவதில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "ஒரே ஒரு பெண்ணை வைத்து முடிவு கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த நாட்குறிப்பில் மார்த்தா மட்டும் இல்லை. நூல் நூற்ற, தறி நெய்த, பண்டமாற்று செய்த அக்கம்பக்கத்துப் பெண்களும் பெயரோடு வருகிறார்கள்.